கோப்பில் இருந்த எண்

மூன்று நாற்பதுக்குத்தான் நான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

படிவத்தில் ‘அழைத்த எண்’ என்ற இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பெட்டி செய்துதரும் அட்டைப்பெட்டிக்காரர் அனுப்பிய கடிதத்தில் ஒரு எண் இருந்தது. அவருடைய பழைய கோப்பில் வேறொரு எண் இருந்தது.

காலையில் நான் கூப்பிட்டது கடிதத்தில் இருந்த எண்ணை.

நிதிப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. சரக்கு தருபவர் யாராவது, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதுக் கணக்கில் பணம் போடுங்கள் என்று எழுதினால், போன் செய்து கேட்க வேண்டும். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. நம் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு.

கடிதமே மோசடி என்றால், அதில் போட்டிருக்கும் எண்ணில் அந்த மோசடிக்காரன்தானே எடுப்பான்? எடுத்து, ஆமாம் மேடம், நாங்கள்தான் அனுப்பினோம் என்று தேனொழுகச் சொல்லத்தானே செய்வான்?

காலையில் அப்படித்தான் சொன்னான். இளம் குரல். அட்டைப்பெட்டி நிறுவனத்தின் பங்குதாரர் என்றான், புதுக் கணக்கும் தன் பெயரில்தான் என்றான். என்னை வாழ்க்கையில் முதன்முதலாக ‘மேடம்’ என்று கூப்பிட்டவன் அவன்தான். உச்சி குளிர்ந்துபோய்க் கணக்கை மாற்றிவிட்டேன், அறிவுகெட்டவள்.

நான்கு மணிக்கு அன்றைய பணமெல்லாம் மொத்தமாக வங்கிக்குப் போகும். போனால் போனதுதான். அட்டைப்பெட்டிக்காரருக்குப் போக வேண்டியது மூன்று மாதப் பெட்டிகளுக்கான முழுத் தொகை.

இரண்டு மேசை தள்ளி மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் செக்போஸ்ட். அவரைத் தாண்டி ஒரு துண்டுக் காகிதம் போகாது. காலையில் என்னிடமும் கேட்டார், பேசியாச்சா என்று. பேசியாச்சு என்றேன். எந்த எண்ணில் என்று அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் இருக்கும் எங்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்கு நிரந்தர வேலை தரப்போகிறார்கள். எனக்குக் கிடைத்தே விட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

செக்போஸ்ட்டிடம் போய் உண்மையைச் சொல்லலாம். அல்லது இப்போதாவது சரியான எண்ணைக் கூப்பிடலாம். அட்டைப்பெட்டிக்காரர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கோப்பில் இருந்த எண்ணை அழுத்தினேன்.

வயதான குரல் எடுத்தது. பின்னால் அட்டை வெட்டும் இயந்திரத்தின் சத்தம். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும், இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். பில் பாஸாகிவிட்டதா என்று கேட்டபோது குரலிலேயே சிரிப்பு தெரிந்தது.

கணக்கை மாற்றச் சொல்லிக் கடிதம் அனுப்பினீர்களா என்று கேட்டேன்.

கடிதமா, நான் எதுவும் அனுப்பவில்லையே என்றார். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே கணக்குதானாம்.

படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே ஒரு விதியை மீறியாயிற்று, முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று கணக்குக்காரரின் பெயரைப் படித்தேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். இருக்கேன்மா என்றார்.

எவ்வளவு தொகை என்று கேட்டார். சொன்னேன். பிறகு, நிறுத்தி நிறுத்தி, அந்தக் கடிதம் தன்னுடையது இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். பணத்தை நிறுத்திவிடுவோம். கடிதம் விசாரணைப் பிரிவுக்குப் போகும். அந்தக் கணக்கு யாருடையதோ அவர் வீட்டுக்குப் போலீஸ் போகும். என் வேலையும் போகும் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவானேன் என்று விழுங்கிவிட்டேன்.

மணி மூன்று ஐம்பத்து மூன்று. இந்த மனிதர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவருடைய மூன்று மாத உழைப்பு பறிபோகிற நேரத்தில் நான் என் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அது என் பையன் பேருதாம்மா,” என்றார். “நான்தான் மாத்தச் சொன்னேன். வயசாச்சில்ல, மறந்துபோச்சு.”

அவர் எதையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அழைத்த எண், நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாம் முறைப்படி இருந்தது. செக்போஸ்ட்டே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

நன்றி சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன். அவர் நிறுத்தினார்.

“இந்த ஒரு தடவை போகட்டும்மா. அடுத்த மாசம் திரும்பப் பழைய கணக்குக்கே மாத்திடு. அதுக்கான லெட்டர நானே நேர்ல கொண்டுவந்து குடுக்கிறேன்.”