உரிமையாளர் விருப்பம்

“நீ மறுபடி எழுதினா நான் மறுபடி அழிப்பேன். தளம் என்னுதும்மா.”

வரன் பார்க்கும் இணையதளம் நடத்தும் அந்த அம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவர் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: ‘எதைப் போடுவது, எதை நீக்குவது என்பது உரிமையாளர் விருப்பம்.’

எதிரே தையல்காரி நின்றிருந்தாள். அவள் நகையெல்லாம் சுருட்டிக்கொண்டு காணாமல் போன புருஷன், இந்தத் தளத்தில் வேறு பெயரில் பெண் தேடிக்கொண்டிருந்தான். ‘இவனை நம்பாதீங்க, நான் இவன் பெண்டாட்டி’ என்று பெயர் போடாமல் அவன் படத்துக்குக் கீழே எழுதினாள். எழுத எழுதக் காணாமல் போனது.

‘வாயைத் திறந்தே, உயிரோட இருக்க மாட்டே’ என்று அவன் சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருந்தது. அதையும் மீறித்தான் நேரில் வந்திருந்தாள்.

“அவன் உங்களுக்குக் காசு குடுத்தானா?”

“எல்லாருந்தான் குடுக்கறாங்க.”

“உங்க பொண்ணா இருந்தா இப்படி விடுவீங்களா?”

அந்த அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டார்.

“மாப்பிள்ளை வர்ற நேரம். உள்ள போ. மூச்சு விடக் கூடாது.”

திரையை விலக்கினால், உள்ளறையில் கல்யாணப் பெண் தயாராக உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை. ரவிக்கைதான் யாருடையதோ, தோள் தொளதொளவென்று தொங்க, கை மட்டும் இறுக்கிப் பிடித்தது. புடவைக்குக் கீழே கனத்த கறுப்பு ஷூ. ஒரு நல்ல செருப்புக்குக்கூட வழியில்லாத வீடு போலிருக்கிறது.

தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஓடிடு தங்கச்சி. அவன் என் புருஷன். உன்னையும் மொட்டையடிச்சிட்டுப் போயிடுவான்.”

அழைப்பு மணி அடித்தது. தையல்காரி சுவரோடு ஒட்டினாள். வெளியே அதே குரல், அதே இருமல்.

பெண் பதறவில்லை.

“நீங்க எழுதினதைப் பார்த்தா வராம ஓடிடுவான். அதான் மேடத்துகிட்ட அதை அழிக்கச் சொன்னேன்,” என்று கிசுகிசுத்தாள்.

பிறகு நழுவிய தோளை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“போலீஸ்காரிக்கு அவசரத்துல கிடைச்ச ரவிக்கை இதுதான்க்கா.”