எந்தக் கப்பல்ல வந்திச்சு?

"பொழுது சாஞ்சா என் மகளுக்குக் கண்ணு தெரியல டாக்டர். சீமை மீனெண்ணெய்தான் வேணும்" என்று மூன்று வாரத்துக்கு முன் ஒற்றைக்காலில் நின்றார் பலசரக்குக்கடைக் காசிலிங்கம். உலக யுத்தத்தால் சீமைக் கப்பல் வராத நேரம். ஆனாலும் டாக்டர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார்.

இன்று மகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பெஞ்சில் வாளியோடு உட்காரப்போன திரேஸ்புரத்து மீனவர் சந்தியாகுவைப் பார்த்ததும் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"ஏலே, மீன் நாத்தம் குடலைப் புடுங்குது. அங்கன தள்ளி நில்லு."

சந்தியாகு வாளியோடு வாசலுக்குப் போனார். டாக்டர் வந்தார்.

"நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல மக ஊசியில நூல் கோத்துட்டா டாக்டர்! சீமைச் சரக்குன்னா சும்மாவா? எந்தக் கப்பல்ல வந்திச்சு?"

"கப்பல்ல இல்ல அண்ணாச்சி, இவரு வள்ளத்துல வந்திச்சு." டாக்டர் வாசலைக் காட்டினார். "இவரு பிடிக்கிற சுறாவோட ஈரல்ல எடுத்த எண்ணெய். சீமை எண்ணெயைவிட இதுல சத்து அதிகம்னு நம்ம ஆளுங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க."

சந்தியாகு நிமிர்ந்து நின்றார். "முந்தி இதை வள்ளத்துக்குப் பூசுவோம். இப்ப பிள்ளைகளுக்குக் கண்ணு குடுக்குதுல்லா!"

காசிலிங்கம் துண்டை இறக்கினார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கன வந்து உக்காருங்க அண்ணாச்சி."