தழும்பு விழாத மருந்து

கிட்ட வாங்க மக்களே, புன்னைக்காயல் ஜெசிந்தா கதையைச் சொல்லுதேன்.

சித்த மருத்துவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தாள். கத்தாழைச் சாறும் வல்லாரைச் சாறும் ஊறிய துணிக்கட்டு அது.

"தழும்பு விழுமா சிஸ்டர்?"

"விழவே விழாது. இந்த மருந்து அப்படி! வளையல் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெசிந்தா தேம்பினாள்.

"ஏளா, சந்தோஷத்துக்கும் அழுவியா?"

"வேற மருந்து போடுங்க சிஸ்டர். தழும்பு அப்படியே இருக்கட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நடுக்கடல்ல எங்க படகு தீப்பிடிச்சப்ப, எரியுற கையால என்னைப் பிடிச்சு பக்கத்துல வந்த படகுல தள்ளினாரு எம் புருசன். அவரு உடம்புகூடக் கிடைக்கல. என் கையில பதிஞ்ச இந்த அஞ்சு விரல்தான் மிச்சம்."

புண் ஆறணுமே! நர்ஸ் அழுதுகொண்டே அதே மருந்தைத்தான் வைத்துக் கட்டினாள்.

உங்க வீட்டுத் தீ அடுப்பைத் தாண்டாம இருக்கட்டும், மக்களே.