வால் சுருட்டும் பக்கம்

அந்தக் கப்பலில் இருந்த எலிகள் எல்லாம் வாலை வலப்பக்கம் சுருட்டிக்கொண்டுதான் சாமி கும்பிடும். இரண்டு எலிகள் மட்டும் இடப்பக்கம் சுருட்டின. மற்றவை கொடுத்த அடி தாங்காமல் இரண்டும் ஒரு காலிப் பீப்பாயில் ஏறித் தப்பி, பதினோரு நாள் மிதந்து, ஒரு தீவில் கரையேறின.

அங்கே இருந்த நண்டு இரக்கப்பட்டுப் பாதித் தேங்காயைக் கொடுத்தது. தன் வளையிலேயே படுக்க இடமும் விட்டது.

விடிந்ததும் எலிகள் வளை வாசலில் நின்று, வாலை இடப்பக்கம் சுருட்டி, ஆசை தீரக் கும்பிட்டன. பெரிய எலிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நண்டிடம் கேட்டது:

"நீ எந்தப் பக்கம்பா சுருட்டுவே?"

"எனக்கு வாலே இல்லையே."

எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"வலப்பக்கம் சுருட்டுறவனோடகூட எப்படியாவது காலம் தள்ளிடலாம்," என்றது சின்ன எலி. "இவன் அதுக்கும் மேல. இவனைப் புண்ணிய பூமியில விட்டு வைக்கலாமா?"

"எது புண்ணிய பூமி?" என்றது நண்டு.

"இந்த வளைதான். இப்பத்தானே கும்பிட்டோம், பார்க்கலையா?"

"அப்போ நான் எங்கே போவேன்?"

பெரிய எலிக்கு மனசு இளகிவிட்டது. பீப்பாயைத் தானே அலை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தது.

"ஏறிக்கோ தம்பி. ஊரை விட்டுப் போறவன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா என்ன?"