பதினாறா, பதினேழா

நேற்று கொட்டிய பனியில் கார் கூரை வரை மூடிக் கிடந்தது. ஓரெஸ்ட் முன்சக்கரத்தைச் சுற்றி மட்டும் பனியைத் தள்ளி, ஜாக்கி வைத்து அதைக் கழற்றிவிட்டார். வாங்கி வைத்திருந்த குளிர்கால டயர்தான் மாட்ட வரவில்லை. அதன் ரிம் பிரேக்கில் இடித்தது.

கழற்றிய டயரைத் துடைத்து, அதிலிருந்த எண்களைப் படித்தாள் மனைவி லெஸ்யா. “இதுல கடைசி நம்பர் பதினேழு. நீங்க வாங்கினது பதினாறு. சின்ன ரிம் எப்படிப் போகும்?”

“கார் கதவோரத்துல ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துத்தான் எழுதிட்டுப் போனேன். பதினாறுன்னுதான் இருந்துச்சு.”

“அப்போ கதவைத் திறந்து காட்டுங்க.”

“பூட்டு உறைஞ்சு கிடக்கு. சாவி திரும்பல.”

“நல்லா உறைஞ்சுது போங்க. கடையிலயே கேட்டு வாங்கலாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். டயர் சைஸ் எனக்குத் தெரியாதான்னு குதிச்சீங்க. மதியம் பிராண்டன்ல அம்மாவுக்கு எண்பதாவது பிறந்த நாள். எதுல போறது?”

முப்பது வருடமாகக் கட்டிக் காத்த கௌரவம் போகிறதே என்று ஓரெஸ்டுக்கு முகம் சுண்டிவிட்டது. தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொள்ள அவர் வாயெடுத்த நேரத்தில், மூன்றாவது மாடி பெர்னிஸ் காரில் பனி தள்ளும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

“ஓரெஸ்ட், என் கார் சக்கரத்தை எதுக்குக் கழட்டி வச்சிருக்கீங்க?”

ஓரெஸ்ட் அடுத்த பனிக்குவியலுக்கு ஓடினார். கையால் பனியை வழித்துவிட்டுச் சாவியைப் போட்டார். கதவு உடனே திறந்தது. கதவோரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் பதினாறு என்றிருந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெர்னிஸிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

“பார்த்தியா? நான் வாங்கின சைஸ் சரிதான்.”