இருபத்திரண்டு கைநாட்டு

"இந்த இருபத்திரண்டு ரசீதுலயும் இருக்கிற கைநாட்டு உங்களோடதுதானா, இருளம்மா?"

தணிக்கை அதிகாரி கீர்த்திகா காகிதங்களை விரித்துக் காட்டினாள். பட்டாசுத் தொழிலாளியான இருளம்மாள் அரசு வானொலியில் இருபத்திரண்டு முறை பேசி, ஒவ்வொரு முறையும் சன்மானம் வாங்கியதாகக் கணக்கு. பேசிய குரலின் பதிவு ஒன்றுகூட நிலையத்தில் இல்லை.

வழி காட்டுகிறேன் என்று ஏழாயிரம்பண்ணையில் இருளம்மாள் வீடு வரை கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தார் நிகழ்ச்சி அதிகாரி மணிகண்டராஜ். சந்தேகமே அவர் மேல்தான். அவரோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்த முகமாக இருந்தார்.

"பயப்படாம சொல்லும்மா. உன் மக சினேகாவும் நம்ம நிலையத்துலதானே அறிவிப்பாளரா இருக்கு. அடுத்த வாரம் அதுக்கு வேலை நீட்டிப்பு நான்தான் போடணும்."

கம்பெனி வேனுக்குக் கிளம்பி நின்ற இருளம்மாள் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அந்த வேலையால்தான் சினேகா வெடிமருந்துப் பக்கமே போகாமல் தப்பித்திருந்தாள்.

ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகத் தெளிவாக விழுந்திருந்தது.

"அம்புட்டும் என்னுதுதாங்க மேடம்."

"பேசுனீங்களா?"

"பேசுனேங்க."

"பணம்?"

"வாங்கிட்டேங்க."

கீர்த்திகாவுக்குச் சப்பென்று போய்விட்டது. இவளை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இனிமேல் கோப்பை மூடிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"சரி, நீங்க சொன்னதை எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க." பேனாவை நீட்டினாள்.

இருளம்மாள் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம். கைநாட்டே வைக்கிறேன். மை இருக்கா?"

"நான்தான் சொன்னேனே மேடம், எல்லாம் கைநாட்டு கேஸுன்னு." மணிகண்டராஜ் தன் பையிலிருந்தே மைப்பெட்டியை எடுத்து ஆசையாக நீட்டினார்.

இருளம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து, நிதானமாக அழுத்தி எடுத்தாள்.

தாளில் வழவழவென்று ஒரு நீலத் திட்டு மட்டுமே இருந்தது. கீர்த்திகா ரசீதைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். மணிகண்டராஜின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"பதினெட்டு வருசமா வெடிக்குள்ள மருந்து செலுத்துன விரலு மேடம், ரேகை எப்பவோ தேஞ்சிருச்சு." இருளம்மாள் முந்தானையில் மையைத் துடைத்துக்கொண்டாள். "ரேஷன் கடை மிஷினே இதை ஏத்துக்கிடாது. மாசாமாசம் நான் கையெழுத்துப் போட்டுத்தான் அரிசி வாங்குறேன்."