எட்டேகால் சேலம் பஸ்

"தங்கமுத்து மாமனுக்குப் புத்தி கலங்கிருச்சுங்க. கமிட்டித் தலைவரை மாத்தியே ஆகணும்" என்றான் கதிர்வேல்.

பரமத்தி வேலூர் டீக்கடை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம். பதினோரு வருடமாகத் தலைவர் தங்கமுத்துதான்.

"யார்றா சொன்னது?" என்றேன்.

"போன வியாழக்கிழமை ஜவுளி எடுக்கச் சேலம் போனனுங்க. மனசு டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து எறங்கி வாராரு. கேட்டா, 'ஆமா, எனக்கு மனசு சரியில்ல, அதுக்கென்ன?'ங்கறாரு. கூசாம சொல்றாருங்க மாமா!"

எனக்குக் கோபம் வந்தது. கதிர்வேல் மேல் இல்லை, தங்கமுத்து மேல்.

இருபத்திரண்டு வருடம் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவர்கள் நானும் அவனும். நாக்பூர் தாண்டி வெள்ளத்தில் பாலம் போய், நாலு நாள் நடுரோட்டில் கிடந்தோம். பயந்து அழுதவன் நான். அவன் ஸ்டவ்வைப் பற்றவைத்து, புளியைக் கரைத்து, "உப்புப் பாரு" என்றான்.

அந்த ஆளுக்கா மனசு சரியில்லை?

"நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் யாரையும் மாத்த வேண்டாம்" என்றேன்.

வியாழக்கிழமை எட்டேகால் சேலம் பஸ். ஜன்னலோரம் தங்கமுத்து. முன் சீட்டில் அவன் மருமகள் தனப்பிரியா. மகன் தமிழரசு ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போய் ஏழு மாதமாகிறது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ எங்கடா?"

"உன்ற கூடத்தான்."

"எனக்குத் துணைக்கு மருமவ வருது. நீ எறங்கு."

"எறங்க மாட்டேன். ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரியும்."

"முட்டி வலிக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லீரு. நீதான் தலைவர். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"முட்டி நல்லாத்தான் இருக்குது."

இவனிடம் பேசுவதும் மைல்கல்லிடம் பேசுவதும் ஒன்று.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வந்தன. எங்கள் லாரிக்கும் அங்கேதான் பாடி கட்டினோம். வெல்டிங் பொறியைப் பார்த்துக்கொண்டு பதினெட்டு நாள் அங்கேயே கிடந்தோம். நெற்றியில் பேர் எழுத ஆள் வந்தபோது, "ரெண்டு பேர் பேரும் வேண்டாம். சண்டை வந்தா அழிக்கணும்" என்றான் தங்கமுத்து. கடைசி வரைக்கும் சண்டை வரவில்லை. நெற்றியில் ஒன்றும் எழுதாமலே அந்த லாரி ஓடி முடிந்தது.

"ஞாபகம் இருக்காடா?"

"ம்."

ராசிபுரம் தாண்டியது. பிறகு அவனாகவே சொன்னான்.

"அப்பல்லாம் மனசு பாரமா இருந்தா, வண்டி சத்தத்துல கத்திட்டே ஓட்டுவோம். ஊட்டுக்குள்ளயே இருக்கறவங்க எங்கடா போய்க் கத்துவாங்க?"

நிஜமாகவே கலங்கித்தான் போய்விட்டான் என்று நினைத்தேன்.

சேலம். மாடியில் ஆஸ்பத்திரி. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நானும் உள்ள வருவேன். உனக்கு என்னன்னு நானே கேக்கறேன்" என்றேன்.

கதவு திறந்தது. "தனப்பிரியா, வாங்க" என்றாள் நர்ஸ்.

"ஏம்மா, தங்கமுத்துன்னு கூப்பிடு" என்றேன்.

யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

தனப்பிரியா எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பாதியாகியிருந்தது. வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது தை மாதம். ஊர் ரெண்டு நாள் துக்கம் கேட்டது. அப்புறம் மறந்துவிட்டது. நானும்தான்.

"பயமா இருக்குதுங்க மாமா. உள்ள என்ன கேப்பாங்களோ."

தங்கமுத்து அவள் பக்கம் குனிந்தான். அவன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"போன வாரம் நானே முக்கா மணி நேரம் உக்காந்து பார்த்துட்டுத்தான் சாமி வந்தேன். ஊசி இல்ல, மெசினு இல்ல. ரெண்டு நாற்காலி, ஒரு தண்ணி ஜக்கு, அவ்வளவுதான். டாக்டரம்மா 'எதுக்கு வந்தீங்க?'ம்பாங்க. தோணுனதைச் சொல்லு. தோணலைன்னா சும்மா இரு, அவசரப்படுத்த மாட்டாங்க. அழுகை வந்தா அழுவு. அழுவாதேன்னு சொல்லமாட்டாங்க. சொன்னதை வெளிய விடமாட்டாங்க. ஒரே நாள்ல செரியாவாது, பல தடவை வரணும்னாங்க. வருவோம். இந்தம்மாவைப் புடிக்கலைன்னா வேற ஆளைப் பார்ப்போம்."

"ஊருக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு பேர் வெச்சிருவாங்க மாமா."

"அந்தப் பேரை நான் வாங்கிட்டேன். உனக்கு மிச்சமில்ல. போ சாமி."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீ டீக்கடையில உக்கார்ற ஆளு" என்றான்.

சாயங்காலம் கதிர்வேல் டீக்கடையில் காத்திருந்தான்.

"விசாரிச்சீங்களா மாமா? தலைவர் அவரே இருக்கட்டுமா?"

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மாத்தீருங்கப்பா. அவனுக்கு ரொம்ப முத்திருச்சு. பாவம் அந்தப் புள்ளதான், வாரா வாரம் அவனைக் கூட்டிட்டு அலையணும்" என்றேன்.